வேண்டாமென்று வாங்கிய சிவப்புப் புள்ளி

9 மார்ச், வியாழன்
இன்றும் பாதிக் குண்டுகள் கறுப்பு வட்டத்துக்கு வெளியே. பிஸ்டல் நுனியில் இருக்கும் முன்குறியைப் பார்த்தால் இலக்கு மங்குகிறது, இலக்கைப் பார்த்தால் முன்குறி கரைந்துபோகிறது. மருந்துக்கடையில் சீட்டுப் படிக்க ஒரு கண்ணாடி, பஸ் எண் பார்க்க இன்னொன்று. ஏர் பிஸ்டலுக்கு எதைப் போடுவது?

ஸ்தாங்கா சொன்னாள்: "அண்ணி, அந்தக் குறியோட மல்லுக்கட்டாத. மேல ஏதாவது ஒண்ணு வாங்கி மாட்டு. மே ஆறாந்தேதி என்னைத் தனியா நிக்க விட்றாத."

மே ஆறு, புனித கெயோர்கி நாள். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் குடும்ப ஜோடிப் போட்டி, எந்தக் குறிக்கண்ணாடியும் மாட்டலாம். பல வருடமாக நானும் அவளும்தான் ஜோடி. ஆனால் போன இலையுதிர் காலத்தோடு அவள் அண்ணன் போயானுக்கும் எனக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. இனி அவள் எனக்கு நாத்தனாரா? அவள் இன்னும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சுடுவதை விட்டுவிட்டால் எந்தச் சாக்கில் அவளைப் பார்க்கப் போவேன்? வியாழக்கிழமைப் பயிற்சி கையைவிட்டுப் போனால் அவளும் போய்விடுவாள். பயம் அதுதான். கண்ணைப் பற்றி இல்லை.

16 மார்ச்
ஸ்கோப் என்று முடிவு செய்துவிட்டேன். எல்லாம் பெரிதாகத் தெரியட்டும். "உன் கை நடுக்கமும் சேர்ந்து பெருசாத் தெரியும், பரவால்லையா?" என்றாள் ஸ்தாங்கா. பரவாயில்லை.

25 மார்ச், ப்ளோவ்திவ் நகரத் துப்பாக்கிக் கண்காட்சி போய்வந்து
பெட்டியைத் திறந்தால் ஸ்கோப் இல்லை. பிஸ்டல் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் குட்டிக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. எதையும் பெரிதாக்காது, வெறும் புள்ளி!

எப்படி என்று உட்கார்ந்து யோசித்தேன். விற்றவர் செக் நாட்டுக்காரர், ராதிம் என்று பெயர். என் கண் கதையைச் சொல்லி, ஸ்கோப்பைப் பொருத்தித் தரச் சொல்லி பிஸ்டலை அவரிடம் விட்டுவிட்டு, எதிர்க்கடையில் சீஸ் பனிட்சா தின்றுகொண்டிருந்தேன். இந்தக் குட்டியைக் கையில் ஏந்தி வந்தார். "உங்க கண்ணுக்கு இதுதாம்மா சரி. விலையும் அதேதான். இதையே போட்டுரவா?" வாய் நிறையப் பனிட்சா. பேச முடியவில்லை. வேண்டாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டினேன், நம் பல்கேரியர் எல்லோரும் ஆட்டுகிற மாதிரிதான். அவர் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். சந்தோஷமாகத் திரும்பிப் போனார். நானும் சிரித்து வைத்தேன், மடச்சி.

போனில் ஸ்தாங்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஈஸ்டர் விரத நாள்ல சீஸ் தின்னேல்ல. அனுபவி."

26 மார்ச்
கோபம் தீரவில்லை. செக் நாட்டுக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போயிருப்பார்.

30 மார்ச், வியாழன்
வேறு வழியில்லாமல் அதையே வைத்துச் சுட்டேன். புள்ளி வால் முளைத்துக் கோணலாகத் தெரிந்தது. "பஸ் கண்ணாடியப் போட்டுப் பாரு அண்ணி." போட்டேன். புள்ளி உருண்டையாகிவிட்டது. இலக்கும் புள்ளியும் ஒரே தெளிவு. இங்கே பார், அங்கே பார் என்று கண்ணை இழுத்தடிக்க ஒன்றுமில்லை. சும்மா தூரத்தைப் பார்த்தால் போதும். குண்டுகள் கறுப்புக்குள்ளேயே விழுந்தன.

பிறகு பக்கத்து மேடைக்காரரின் ஸ்கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐயோ, இலக்கு ஒரு நொடி நிற்கவில்லை, என் நாடித்துடிப்புக்கெல்லாம் குதித்தது. இதற்குத்தானா அத்தனை பிடிவாதம் பிடித்தேன்?

ராதிம் நன்றாக இருக்கட்டும். அவர் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்கட்டும். திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன். ஸ்தாங்கா பார்த்தாள், பார்த்துவிட்டுப் புது இலக்கு அட்டையை மாட்டப் போனாள். அதற்கும் நன்றி.

20 ஏப்ரல்
பயிற்சி. நன்று.

6 மே
நான்காம் இடம். கோப்பை இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

போட்டி முடிந்ததும் நழுவப் பார்த்தேன். ஸ்தாங்கா விடவில்லை. அவள் வீட்டில் கெயோர்கி நாள் விருந்துக்கு ஆட்டுக்குட்டி வெந்துகொண்டிருந்தது. உள்ளே போனால் மேசையில் போயான், கையில் ராக்கியா மதுக் கிளாஸ். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இவ எதுக்கு இங்க? இது குடும்பச் சாப்பாடு" என்றான் தங்கையிடம்.

ஸ்தாங்கா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இவள விட்டது நீதாண்ணா. நான் எங்க விட்டேன்?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். ஸ்தாங்கா நல்ல விலாத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டு, ரொட்டி எடுக்க உள்ளே போனாள்.