சண்டை போட்டுக்கொண்டே ஏறிய மலை

இன்று காலை வெள்ளிமலை பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த பெண் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, தோலை மூக்கில் வைத்துக்கொண்டாள். கோமுகி அணையைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியிருந்தது. அந்த வாசனை என்னிடம் வந்ததும் உன் குரல் காதில் விழுந்தது. "தோல மோந்தா வாந்தி நிக்கும். பயம் நிக்குமா?" பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாருடைய உரமூட்டையோ அங்கே உட்கார்ந்திருந்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன், என்ன கிறுக்கோ.

நாம் சிநேகமானதே ஒரு கொண்டை ஊசி வளைவில்தான். மலைமேல் பள்ளி விடுதியில் நீ சமையல் வேலை, நான் புதிதாக வந்த எழுத்தர். உனக்கு வீடு மலைக்குக் கீழே கருணாபுரம், எனக்கு அங்கிருந்து நாலு தெரு தள்ளி. வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள், வண்டி வளைவில் திரும்பும்போது உள்ளங்கை வியர்த்து, மூச்சு அடைத்து, "நிறுத்துங்க, எறக்கி வுடுங்க" என்று கத்தினேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் எனக்குள்தான். நான் காட்டுக்கு நடுவில் இறங்கி நிற்க, நீயும் பின்னாலேயே இறங்கினாய். அன்றைக்கு என் பெயர்கூட உனக்குத் தெரியாது.

ஆறுதல் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். நீயாவது, ஆறுதலாவது! "இன்னா பொம்பள நீ? அம்மாம் புள்ளைங்களுக்கு சோறு ஆக்கணும், உன்னால நான் ரோட்டுல நின்னுக்கினு கெடக்கிறேன்" என்று பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னை யார் இறங்கச் சொன்னது என்று நானும் எகிறினேன். பின்னால் வந்த ஜீப்பில் ஏறியும் நீ விடவில்லை. வெள்ளிமலையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, மிச்ச வளைவுகளில் பயம் வரவே இல்லை. உனக்கும் உறைத்திருக்க வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாய்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் அதுவே நமக்கு வழக்கமாகிப்போனது. அணை தாண்டியதும் நீ ஆரம்பிப்பாய். "நேத்து குடுத்தியே ஒரு மீன் கொழம்பு, அது கொழம்பா, கழனித் தண்ணியா?" என்பாய். என் மாமியாரை இழுப்பாய், புடவையைப் பழிப்பாய், என் கையெழுத்தைக்கூட விடமாட்டாய். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாலு வளைவு போயிருக்கும். ஒருநாள் கண்டக்டர் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒக்காரக்கூடாதா?" என்றார். "எங்க சண்ட, எங்க சீட்டு. உனுக்கு இன்னா வந்துச்சி?" என்று அவர்மேல் பாய்ந்தாய். அன்றைக்கு பஸ்ஸே சிரித்தது.

ஆனால் பயம் மலையோடு நிற்கவில்லை. மெதுவாகக் கீழேயும் இறங்கிவிட்டது. நீ பக்கத்தில் இல்லாமல் எந்த பஸ்ஸிலும் நான் ஏறுவதில்லை என்றாயிற்று. விழுப்புரத்தில் என் தம்பி கல்யாணத்துக்குக்கூட உன்னைத்தான் இழுத்துக்கொண்டு போனேன். நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரச் சொன்னார்கள். திருப்பூரிலிருந்து உன் மகன் மறுநாள் நேரே அங்கே வந்துவிடுவான். அந்த ஒரு பயணத்துக்குத்தான் துணை வேண்டும். விடுதிச் சமையலறை வாசலில் நின்று, "கூட வர்றியாடி?" என்று கேட்டாய். அதுவரை நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன் கட்டியைப் பற்றித் தோன்றவில்லை. நீ அங்கே படுத்துவிட்டால் நான் தனியாகத் திரும்ப வேண்டுமே என்று தோன்றியது. "அதிகாரி வர்றாராம், லீவு கெடைக்காது" என்றேன். பச்சைப் பொய். விடுதிக்கு யார் வந்தாலும் முதலில் சமையலறைக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கிறவள், அன்றைக்கு, "சரி, வுடு" என்று மட்டும் சொன்னாய்.

தனியாகத்தான் போனாய். விழுப்புரம் தாண்டியதும் போன் பண்ணினாய். "வயிறு இன்னாமோ பண்ணுதுடி. பயமா கீது. ஏதாவது வம்பு இழேன்" என்றாய். நான் இழுத்திருக்க வேண்டும். உன் சாம்பாரைப் பழித்திருக்கலாம், அந்தக் கண்டக்டர் பேச்சையாவது எடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகாது, சாமி இருக்காரு" என்று விசும்பினேன். ஊரெல்லாம் சொல்கிற அதே பேச்சு. "சண்ட போடச் சொன்னா அழுவுறியே, பைத்தியம். வையி போன" என்றாய். பன்னிரண்டாம் நாள் உன்னை வண்டியில் கொண்டுவந்தார்கள். நாலு தெரு நடந்து வந்து பார்த்தேன். அதுவரைக்கும்தான் என்னால் முடிந்தது.

ஐந்து மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். மலைக்குத் திரும்பியபோது முதல் வாரம் இரண்டு தரம் பாதியில் இறங்கினேன். பின்னால் இறங்க யாரும் இல்லை. நானே ஜீப்புக்குக் கை காட்டினேன். இப்போது போய் வருகிறேன், ஆனால் பயம் போகவில்லை. உள்ளங்கை இன்றைக்கும் ஈரமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. உளுந்தூர்பேட்டை வருவதற்குள் மூச்சு அடைத்தது. விழுப்புரத்தில் வாந்தி எடுத்தேன். புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு மிச்ச தூரமும் உட்கார்ந்திருந்தேன். நீ இறங்கிய அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்தேன். சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் இட்லி ஊற்றினேன்.

என்னால் முடியாது, அன்றைக்கும் முடிந்திருக்காது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் வந்திருக்கலாம்டி.