சந்திரமதிக்குப் பதிந்த பர்த்

5-7-1966, செவ்வாய், காலை 6.10. அந்தமான், லாங் ஐலண்ட் ஜெட்டி. என்ஜின்கள் நான்கு, ஓடுவது ஒன்று.

மெயின்லேண்ட் தபால் வந்தது. சந்திரமதி பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்துவிட்டாள். "பாடம் நடத்திப் பழகுற ஒரு மணி நேரம்தான் மூச்சு விட முடியுது" என்று எழுதியிருக்கிறாள்.

எங்கள் மகள் அலமு போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு வயது. காய்ச்சல். கடல் கொந்தளிப்பில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு லாஞ்ச் கிளம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பரீட்சை என்ன கேடு? கப்பலேறும்போதே கேட்டேன். "இங்க இருந்தா அவ சட்டையை மடிச்சு மடிச்சே பைத்தியமாயிடுவேன்" என்றாள்.

சரி. அப்போ நான்? எனக்கு யார் இருக்கா இங்கே?

11-7

ஷிப்பிங் ஆபீஸ் சொக்கலிங்கத்திடம் ஒயர்லெஸ்ஸில் சொல்லி, ஆகஸ்ட் கப்பலில் அவளுக்கு பர்த் பதிந்தாயிற்று. "படித்தது போதும். வந்து சேர்" என்று கடிதம். பக்கத்து வீட்டு மிக்கேல்தான் லாஞ்ச் ஓட்டுகிறவர், அவரிடம் கொடுத்துவிட்டேன்.

13-7

புது உத்தரவு. படகுக்காரர்கள் எட்டுப் பேருக்கு டீசல் என்ஜின் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் — எல்லோருக்கும் பொது ஹிந்திதான். எனக்கு அது அரைகுறை.

மிக்கேல் மனைவி செலினுக்கு ஒரே சிரிப்பு. "ஏ இன்ஜின் தம்பி, ஹிந்தியில ஒமக்கு ஏசத்தான தெரியும்? அந்த வாயை வச்சுக்கிட்டா பாடம் நடத்தப் போறீரு?"

மீன் அலசிக்கொண்டே அவளே ஆரம்பித்தாள். "தண்டான்னா குளிரு. கரம்னா சூடு. கோலோ, தொற. பந்த் கரோ, மூடு. இந்த நாலு போதும், ஒம்ம இன்ஜினே ஓடிரும்."

14-7

மழை. ஜெட்டியில் கப்பல் இல்லை. இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

18-7

முதல் வகுப்பு. ஒரு வால்வைக் கழற்றி மாட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டினேன், சிரித்தார்கள், திட்டினேன், இன்னும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது — வகுப்பு முடியும்வரை அலமு ஞாபகமே வரவில்லை. சீ, நானெல்லாம் ஒரு அப்பனா? அப்புறம் சந்திரமதி எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. மூச்சு விட முடியுது.

22-7

வகுப்பில் வங்காளி ஹரிபதா கேட்டான், குழந்தைகள் எத்தனை என்று. யோசிக்கவே இல்லை. "ஏக் லட்கி தீ. புகார் ஆயா. மர் கயி." ஒரு பெண் இருந்தாள், காய்ச்சல், செத்துவிட்டாள். வாயிலிருந்து வந்தேவிட்டது. தமிழில் இன்றுவரை "போயிட்டா" என்பதோடு சரி. சந்திரமதியிடம்கூட.

அவன் கிரீஸ் கையோடு என் தோளைப் பிடித்தான். அப்புறம், "வால்வ் திகாவ், சாப்" என்றான். காட்டினேன்.

23-7

கடிதம் போய்விட்டதா என்று மிக்கேலிடம் கேட்டேன். "கடல் அடங்கலைய்யா. ஒம்ம காகிதம் இங்கனதான் கெடக்கு." வாங்கிக் கிழித்தேன். அலமு காய்ச்சலில் கிடந்த அன்றைக்கும் போகாத லாஞ்ச்தான். எனக்கு அதன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அவள் வரப் பரீட்சை முடியணும். அதுவரை வீடு இப்படியேதான் கிடக்கும். கிடக்கட்டும்.

1. சொக்கலிங்கத்திடம் சொல்லி பர்த்தை ரத்து செய்வது.
2. வேறு கடிதம். படித்து முடித்து வா என்று. அலமு செத்துவிட்டாள் என்று அதில் தமிழில் எழுதுவது. ஒரு தடவையாவது.
3. திங்கட்கிழமை ஃப்யூயல் பம்ப். அதற்கான ஹிந்தியை செலினிடம் கேட்பது.
4. வெயிலடித்தால் பெட்டியைத் திறந்து அலமுவின் சட்டைகளைக் காயப்போடுவது. சந்திரமதி எப்படி மடிப்பாள் என்று அவளிடமே கேட்டு எழுதுவது.