மூன்று பின்னல்

ஜூலை 10, வியாழன்

கச்சான் காற்று. முற்றம் கூட்டி நிமிர்வதற்குள் மறுபடி குப்பை. இரண்டாம் தரம் கூட்டவில்லை.

காலையில் சாய்ந்தமருதில் ஒரு மையத்து. வயதான உம்மா, ஆனால் நல்ல அடர்த்தியான முடி. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் இறந்துபோகும் பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிறேன். தலையைக் கழுவி, சிக்கெடுத்து, மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விடுவதும் என் வேலைதான். மையத்துக்கு மட்டும்தான் மூன்று பின்னல். பெரிய நன்மை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, வீட்டில் கலியாணம் என்றால் மணப்பெண்ணின் தலையில் என் கை படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

மகள் ஷிபானாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். அவளுக்குத் தலை கட்டுவது நான்தான் என்று சொல்லியிருந்தேன். மாப்பிள்ளையின் உம்மா (இனிச் சம்மந்தி) பார்லர்காரி ஒருத்தியைப் பிடித்துவிட்டாவாம். காரணம் சொல்லவில்லை. அது ஊருக்கே தெரியும்.

நாளை மறுநாள் கல்முனையில் மணப்பெண் தலை அலங்காரப் போட்டி. பெண்களுக்கு மட்டும். பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு சான்றிதழ் கிடைத்தால் போதும், சம்மந்தியின் வாயை அடைக்கலாம். மகளின் தலை எனக்கு.

ஜூலை 11, வெள்ளி

காற்று குறையவில்லை. இடுப்பு வலி.

ரிஸ்லா வந்தாள். ஒலுவில் கம்பஸில் படிக்கிற பிள்ளை. போட்டியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாளாம். பதினாறு போட்டியாளர்களில் பதினைந்து பேர் பார்லர்காரிகள், நான் மட்டும் "வித்தியாசமாம்". முகத்தை எடுக்காதே, கையை மட்டும் எடு என்றேன். கேற்றைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். நாலு தரம் வந்தேன், என் வீட்டுக்குள் நானே. கடைசியாக எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டாள். நேற்று, சாய்ந்தமருதில் என்றேன். கெமராவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டாள்.

மொடலாக இருக்கக் கேட்டவர்கள்:
மச்சி – தலையிடி.
பக்கத்து வீட்டு நஸீரா – தடிமன்.
நஸீராவின் தங்கச்சி – அவளுக்கும் தடிமன். நான் கேட்பதற்கு முன்னமே தும்மினாள்.

கடைசியில் செலின் ரீச்சர். பாண்டிருப்புப் பக்கம் இருக்கிறா, கத்தோலிக்கக் குடும்பம், ஷிபானாவுக்குக் கணக்குப் படிப்பித்தவ. வயது ஐம்பத்திரண்டு, இடுப்புக்குக் கீழே முடி. "ஒருநாளைக்குக் கலியாணப் பொம்புளையா இருந்து பார்ப்பமே" என்றா. நல்ல மனம்.

வாங்கியது: கொண்டை ஊசி, மல்லிகை, ஸ்ப்ரே ஒன்று. ஸ்ப்ரேயை எனக்கே அடித்துப் பார்த்தேன். கண் எரிகிறது.

ஜூலை 12, சனி

முடிந்தது. எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரையும் வராது.

மற்றவர்கள் சில்லு வைத்த பெட்டிகளோடு வந்தார்கள். நான் புடைவைக் கடை பேக்கோடு. சம்மந்தி முன் வரிசையில். அவ பிடித்த பார்லர்காரியும் போட்டியில். நேரம் நாற்பத்தைந்து நிமிஷம்.

போனில் பார்த்த கொண்டையைத்தான் போட்டேன். இரண்டு தரம் சரிந்தது. மூன்றாம் தரம் மல்லிகையோடு சேர்ந்து ரீச்சரின் மடியில் விழுந்தது. இன்னும் பத்து நிமிஷம் என்று மைக்கில் சொன்னார்கள். நான் கண்ட இடத்தில் ஊசி குத்துவதை ரீச்சர் கண்ணாடியில் பார்த்துவிட்டா.

"பதறாதீங்க. நீங்க வழமையாச் செய்யிற மாதிரிச் செய்யுங்க."

அதைச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினா. இரவிரவாகப் பேப்பர் திருத்தியவ. மெல்லத் தடவினால் யாருக்கும் நித்திரை வரும், அவவுக்கும் வந்தது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கை தானாக வேலை செய்தது. வலப்பக்கம் முதலில். சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, மூன்று பின்னல் பின்னி, பின்னால் விட்டேன். நெற்றியைத் துடைத்தேன். தோளில் போர்த்தியிருந்த வெள்ளைத் துவாயைக் கழுத்துவரை இழுத்துச் சரி செய்தேன். வாய் மெதுவாக ஓதிக்கொண்டும் இருந்ததாம், ரிஸ்லாதான் சொன்னாள்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். முன் வரிசையில் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பி நிற்கிறார்கள். மரணத்துக்குச் சொல்கிற "இன்னாலில்லாஹி"யை யாரோ ஒருத்தி தொடங்கினாள். போன வருஷம் நான் குளிப்பாட்டிய ஒரு உம்மாவின் மகள் விம்மி விம்மி அழுகிறாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ரீச்சர் திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்தா. பின் வரிசை மொத்தமும் கத்தியது.

கொழும்பிலிருந்து வந்த நடுவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று பின்னலையும் தொட்டுப் பார்த்து, மிகச் சுத்தமான வேலை என்றா.

பதினாறு பேரில் பதினாறாவது.

வரும்போது ஓட்டோவில் ரீச்சர் கேட்டா, "ஏன் எல்லாரும் அழுதவங்க? அவ்வளவு வடிவா?" ஓம் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

ஷிபானா கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். யார் மேலும் கோபமில்லை, என் கை மேல்தான் கோபம். பெற்ற பிள்ளையின் தலையைத் தொட ஊரிடம் சான்றிதழ் கேட்டுப் போனேன். அதையும் கெடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். அசர் தொழுகைக்குப் பிறகு சம்மந்தி வந்தா. தனியாக. கலியாணத்தைக் குழப்பத்தான் வருகிறா என்று நினைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். ஆறவிட்டா. கொஞ்ச நேரம் பந்தல்காரன், அரிசி, வெயில் என்று கதைத்தா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

"அண்டைக்கு நான் கண் வெட்டாமப் பார்த்துக்கொண்டிருந்தன் தங்கச்சி. அந்த ரீச்சர்ர தலைய எவ்வளவு பதமாப் புடிச்சீங்க. எனக்குப் பொம்புளப் புள்ளயும் இல்ல. நான் மவுத்தானா நீங்கதான் வரணும். வேற ஆக்கள்ர கை எனக்கு வேணாம்."

இன்ஷா அல்லாஹ் என்றேன். அந்த வார்த்தைக்கு வேறென்ன சொல்வது.

"ஆனா புள்ளட தலைய மட்டும் பார்லருக்கு உட்டுருங்க."

எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷமும் இப்படி எத்தனை பேருக்குத் தலையாட்டியிருப்பேன். இன்றைக்கு முடியவில்லை.

"ராத்தா, எனக்கிட்ட இரிக்கிறது இந்தக் கை மட்டுந்தான். கடைசியில உங்கட தலைக்கு வேணுமெண்டா, இப்ப என்ட புள்ளட தலைக்கும் வேணும்."

சம்மந்தி ஆறிப்போன தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தா. என் கையையே பார்த்தா. செருப்பைப் போட்டுக்கொண்டு, கேற்றைத் திறந்து, திரும்பி நின்றா.

"ஒரு பின்னல்தானே போடுவீங்க?"

"ஒண்டுதான்" என்றேன்.