நீ மிதித்த கணுக்கால்

என் இடது காலை வளரவிடாமல் செய்தது நீதான் அக்கா. நீ செத்துப் போய்விட்டாய் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை உக்குவளையில் உன் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் காய்ச்சிய எண்ணெய் மணத்தது. ரம்புட்டான் மரத்திலிருந்து குதித்த உன் பேத்தி, வீங்கிய கணுக்காலோடு கட்டிலில் கிடந்தாள்.

"சுளுக்குத்தான் சித்தி. பல்லேபொலயில காலால பொறந்தவரு ஒருத்தர் இருக்காராம், வரச் சொல்லியிருக்கேன். அம்மா இருந்திருந்தா ஒரு மிதியில எடுத்திருப்பாங்க" என்றாள் உன் மகள்.

நீயும் காலால் பிறந்தவள். அப்படிப்பட்டவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமே உன்னைத் தேடி வரும். தலைக்குப் பதில் கால் முதலில் வந்ததற்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வயிறு எரியும். எட்டு வயதில் நான் படியில் விழுந்தபோது அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். "நடிக்காதடி, காலை நீட்டு" என்று சொல்லி மிதித்தாய்.

அதன்பிறகு நீ வளர்ந்தாய். உன் பழைய பாவாடைகள் எனக்கு வந்தன. இடது பக்கம் மட்டும் தரையைக் கூட்டும். தேர்த் திருவிழாவில் நீ பாற்குடம் எடுத்து நிமிர்ந்து நடந்தாய். நான் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

மாத்தளை நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய உடற்கூற்றுப் புத்தகத்தில்தான் விஷயம் புரிந்தது. எலும்பு நடுவில் நீள்வதில்லை. முனைக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அங்கே உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் பெருகிப் பருத்து மடிய, அந்த இடத்தில் எலும்பு இறுகுகிறது, கால் நீள்கிறது. பிள்ளைகளின் மூட்டைக் கட்டியிருக்கும் நார், அந்தத் தட்டைவிட வலுவானது. பெரியவர்கள் விழுந்தால் நார் சுளுக்கும்; பிள்ளைகள் அதேபோல் விழுந்தால் தட்டே சேதமாகலாம். சேதமான தட்டு காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிக்கொண்டால், அங்கே வளர்ச்சி நின்றுவிடும். இதை உன்னிடம் சொன்னபோது, "புத்தகமா நடக்குது?" என்று சிரித்தாய்.

உன் பேத்திக்கு உன்னுடைய நீண்ட கால்கள். பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் யாரும் உள்ளே வந்து அவளை மிதிக்காதபடி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பல்லேபொலக்காரர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். உன் மகள் எண்ணெயை எடுத்து வைக்க வேண்டும். உன் மருமகன் பிள்ளையைக் காலூன்ற விடாமல் தூக்கி, த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முறிவு தெரியவில்லை என்றாலும் சில மாதம் கழித்து இரண்டு காலையும் அளந்து பார்க்க வேண்டும். மறந்துபோனால் நச்சரிக்க வேண்டியது நான். அவள் உன் உயரத்துக்கு வளர வேண்டும். அதைப் பார்த்து வயிறு எரிய வேண்டியதும் நான்தான்.