உனக்குக் காய்ச்சலே வராது என்று சொன்னவர்கள்

என் ஜெபா,

மைனி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மா என்னிடம் சொன்னாள், "இனி பேரு சொல்லிக் கூப்பிடப்பிடாது கேட்டியா, மைனின்னு கூப்பிடு." நீ சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். ஒரே அணியில் ஆடி, ஒரே விடுதி அறையில் கிடந்து, ஒரே வாளியில் துணி நனைத்தவளை எப்படி மைனி என்பது?

கோபத்தோடு எழுதுகிறேன். நீ போனதிலிருந்து அழ வேண்டிய நேரத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டின் முன்னறையில் வாடகை நாற்காலிகள் இன்னும் திரும்பிப் போகவில்லை. வருகிறவர்கள் உட்காருகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், உன் படத்தைப் பார்க்கிறார்கள், பிறகு எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றைச் சொல்கிறார்கள். "பாவம், ஓடி ஓடி உடம்பு தேஞ்சு போச்சு."

தேய்ந்து போச்சாம்! உன்னைக் கொசு கடித்தது. டெங்கு வந்தது. உன்னை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. நடந்தது இதுதான். ஆனால் அதை இந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நம்மைப் பற்றி மனிதர்கள் என்னவெல்லாம் நினைத்தார்கள் ஜெபா! நீ தக்கலையிலிருந்து, நான் கோட்டாற்றிலிருந்து, ரெண்டு பேரும் சென்னையில் அந்த வங்கியின் பாஸ்கட்பால் அணிக்குத் தேர்வானபோது ஊரே சந்தோஷப்பட்டது. அடுத்த கேள்வி, "பந்து ஆடுறது சரி, வேலை என்ன?" ஆடுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம் என்றால் நம்பவில்லை. "அதெப்படி, சும்மா தருவானா?" என்று சித்தப்பா அப்பாவிடமே கேட்டார். விடியும் முன்னால் எழுந்து, வாந்தி வரும்வரை ஓடி, முட்டியில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்ததெல்லாம் அவருக்குச் சும்மா.

உனக்கு உயரம். அதனால் நீ எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். "நின்ன இடத்துல கையை நீட்டுனா போதும், பந்து தானா விழும்." இடது கையால் வளைத்துப் போடும் அந்த ஒரு எறிக்காக ஒரு மழைக்காலம் முழுக்க நீ தனியாக ஆடுகளத்தில் நின்றதை யார் பார்த்தார்கள்? உன் மோதிர விரல் பந்து பட்டுப் பட்டு வளைந்தே போயிருந்தது. கல்யாண மோதிரத்துக்கு அளவெடுத்த ஆசாரி, "இது என்னம்மா விரலு?" என்று கேட்டார்.

நான் குள்ளம், எனக்கு வேறு தினுசு. "உன்னை எதுக்குட்டி எடுத்தாவ? பந்து பொறுக்கவா?" அதே வாய், ஒரே மூச்சில், பாஸ்கட்பால் ஆடினால் ஆள் வளரும் என்றும் சொல்லும். அடுத்த வீட்டு அக்கா உன்னிடம் வந்து, "எனக்க மோளையும் கொண்டு விடட்டா, கொஞ்சம் வளரட்டும்" என்றாளே, நான் பக்கத்திலேயே நின்றேன். "அக்கா, நானும் சின்னதுலயே தொடங்கினவதான், நான் ஏன் வளரல்ல?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "உனக்கு உடம்புல சத்தில்ல பிள்ளே" என்றாள். அன்றைக்கு நாம் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

உன் கல்யாணத்தில் போட்டோக்காரன் அண்ணனுக்குக் காலடியில் பலகை போட்டான். அண்ணன் ஏறி நின்றான். அவனுக்கு வெட்கமே இல்லை, அதனால்தான் அவனை உனக்குப் பிடித்தது என்று பிறகு சொன்னாய். பந்தியில் ஒரு பெரியம்மா உன் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இரும்பாக்கும்! இந்த உடம்புல காய்ச்சல் தீனம் ஒண்ணும் அண்டாது" என்றாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆலயத்துக்குப் போன இடம், கடைக்குப் போன இடம், எங்கும் அதே பெருமை: "எனக்க மருமவளுக்கு ஒரு தலவலி வராது."

தலைவலி வராதா? ஒவ்வொரு மழைக்கும் சளி பிடித்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "லீனா, கொஞ்சம் கஞ்சி, சுட்ட பப்படம்" என்று முனகுகிற ஜெபாவை எனக்குத் தெரியும். அணியில் முதலில் காய்ச்சல் வருவது உனக்கு, கடைசியாகத் தேறுவதும் நீ. எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற உடம்புதான் உனக்கும் இருந்தது. அதை வேலை வாங்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முட்டி போன பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு இங்கே கிளைக்கு மாற்றல் வாங்கி வந்தாய். நான் அணியிலேயே இருந்தேன். போன மாதத்து மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கோயம்புத்தூரில் எனக்குப் போட்டி. நீ கூப்பிட்டாய்.

"மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குட்டி. கண்ணுக்குப் பின்னால வலிக்கி."

"ரத்தம் பாத்தாவளா?"

"உங்க அம்ம கசாயம் தந்தாவ. வெயில்ல ஆடிக் காஞ்ச உடம்புக்கு இது ஒரு காய்ச்சலாங்காரு உனக்க அண்ணன்."

"முடியலன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிக்காவ."

சொன்னேன், சிரிக்காவ. எந்த வேலையில் இருந்தாலும் அந்த ரெண்டு சொல் வந்து என்னைக் குத்துகிறது, ஜெபா. ஒருத்தி தன் உடம்பு வலிக்கிறது என்று தன் வாயால் சொல்கிறாள். சுற்றி நிற்கிறவர்களுக்கு அவள் உடம்பைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?

நான் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் உன்னைப் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப் போனான். அவரும் அண்ணாந்து உன்னைப் பார்த்திருக்கிறார். "பாஸ்கட்பால் பிளேயரா? அப்போ பயப்படவே வேண்டாம்." மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். படித்தவர்! அவருக்கும் நீ இரும்புதான்.

பிறகு காய்ச்சல் விட்டது. அம்மா எனக்குப் போன் செய்து, "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்றாள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் இந்த நோயில் பயப்பட வேண்டிய நேரம் என்று இன்றைக்கு அணியில் எல்லோரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். வயிறு வலிக்கிறது என்று நீ சொன்னதற்கு, "சும்மா படுத்துக் கிடந்தா அப்படித்தான், எந்திரிச்சு நட" என்றிருக்கிறார்கள். நடந்தாய். குளியலறை வாசலில் விழுந்தாய். பெரிய ஆஸ்பத்திரியில், "இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாராம் அங்கே இருந்த டாக்டர். நீ விழுந்தாய் என்று கேட்டதும் நான் ஏறிய பஸ் திருநெல்வேலி தாண்டவில்லை. அதற்குள் அண்ணன் போனில் அழுதான்.

உன் நீளத்துக்குப் பெட்டி தயாராக இல்லை. கடைக்காரர் ஆள் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்கூட வாசலில் ஒருவன் சொன்னான், "போறப்பவும் ஆளுக்குத் தனி அளவாக்கும்." பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். உன் அம்மா என் தோளில் சாய்ந்திருந்ததால் நகர முடியவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். உனக்கு நினைவு ஜெபக்கூட்டம் வீட்டிலேயே வைத்தார்கள். பாட்டு முடிந்து ஜெபம் முடிந்து சித்தப்பா எழுந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல் என்று உனக்குத் தெரியும். உன்னைப் புகழ்ந்துதான் ஆரம்பித்தார். பிறகு அதே வண்டி அதே தடத்தில் போனது. பெண் உடம்பு இவ்வளவு ஓட்டத்துக்குப் படைக்கப்பட்டதல்ல. குதித்துக் குதித்து வயிறும் கெட்டுப்போச்சு, கல்யாணமாகி ஒரு பூச்சி புழு தங்கவில்லை. உள்ளே எல்லாம் தேய்ந்துதான் ஒரு சின்னக் காய்ச்சலைத் தாங்க முடியவில்லை. "அதனால," என்றார், "நம்ம லீனா இனிமே மெட்ராஸுக்குப் போகமாட்டா. வீட்ல பேசி முடிவு பண்ணியாச்சு."

என்னிடம் யாரும் பேசவில்லை. கூட்டத்தில்தான் எனக்கும் தெரிந்தது.

எழுந்தேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருட்டி, சபைக்காரவ இருக்காவ."

"இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும்" என்றேன். "சித்தப்பா, போன மாசம் இதே வீட்ல நீங்க அவளைப் பாக்க வந்தீங்க. கட்டில்ல கிடந்தவகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லட்டா? 'ஸ்போர்ட்ஸ் பாடி, இதெல்லாம் ஒரு காய்ச்சலா'ன்னு சொன்னீங்க. அவளே எங்கிட்ட போன்ல சொன்னா. உயிரோட இருக்கும்போது இரும்பு. செத்த பிறகு தேஞ்சது. எப்போ தேஞ்சது? அந்த ஒரு மாசத்துலயா? அவ ஓடினதுனால சாகல. கொசு கடிச்சுச் செத்தா. அதுக்கு மருந்து பாக்கணும்னு நமக்குத் தோணாததுனால செத்தா. பந்து மேல பழியைப் போட்டுட்டு நாம எல்லாரும் நிம்மதியா காப்பி குடிக்கோம்."

"மரியாதை பிள்ளே, மரியாதை" என்றார் யாரோ. சித்தப்பா முகம் கறுத்துவிட்டது. "துக்கத்துல பேசுகா, விடுங்க" என்று என்னை உட்கார வைக்கப் பார்த்தார்கள்.

அப்போது அண்ணன் எழுந்தான். நீ போனதிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவ சொல்லுகது சரிதான்" என்றான். "வலிக்குன்னு ஜெபா எங்கிட்ட சொன்னா. நான்தான் நம்பல்ல. நம்பல்லன்னு கூட இல்ல, எனக்குப் பயமில்லாம இருந்துச்சு. அவளுக்குப் போய் என்ன வரப்போவுதுன்னு இருந்துட்டேன்."

அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டான். போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். சாப்பாட்டுக்கு முக்கால்வாசிப் பேர் நிற்கவில்லை. சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு, "இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனார். போகட்டும். அவர் மாறவில்லை, ஜெபா. போகிற வழியிலேயே யாரிடமோ, "இந்த ஆட்டக்காரிகளுக்கே வாய் நீளம்" என்றாராம். பட்டியலில் இன்னும் ஒன்று சேர்ந்தது.

அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்போ அவளுக்கும் நம்மள மாதிரித்தான் நொந்திருக்கும், இல்லியா?"

"ஆமாம்மா" என்றேன்.

"நான் எந்திரிச்சு நடக்கச் சொன்னேனே மக்களே."

கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்கவும் தோன்றியது, உலுக்கவும் தோன்றியது. ரெண்டும் செய்யவில்லை. சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளாகவே, "எப்பம்மா போகணும் நீ?" என்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை இல்லை. நம்பிக்கை வந்து சொன்னாளா, சோர்ந்துபோய்ச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு ரயில் ஏறுகிறேன். அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது. உன் இடத்தில் ஆடுகிற புதுப்பெண் கடலூர்க்காரி, நல்ல உயரம். அவளிடமும் இந்நேரம் யாராவது கையை நீட்டினால் போதும் என்று சொல்லியிருப்பார்கள்.

அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ என்றால் மன்னித்திருப்பாய், அது எனக்கு நிச்சயம். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவன் சாப்பிட்டானா என்று தினமும் கேட்பேன். நீ போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிற அவன் கடையைத் திறக்கச் சொல்வேன். உன்னைப் பற்றி அவன் பேச வந்தால், பந்தியில் கேட்ட கதைகளை அல்ல, நான் பார்த்த ஜெபாவைச் சொல்வேன்: பயந்தவள், சளி பிடித்தவள், தோற்றால் குளியலறையில் போய் அழுதவள்.

உனக்கு என் வாக்கு இது. என் அணியில் எவளாவது ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால், அவள் எவ்வளவு உயரமாக இருந்தாலும், எவ்வளவு புள்ளி எடுத்தவளாக இருந்தாலும், நான் முதலில் அவளை நம்புவேன். யார் சிரித்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். கோபம் ஆறிவிடும், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார்கள். ஆறவிட மாட்டேன், ஜெபா.

உன் நாத்தனாராக ஆவதற்கு வெகுகாலம் முன்பே உன்னோடு ஆடியவள்,
லீனா