நினைவு மலருக்கு ஆகாத மல்யுத்தம்

மச்சாள்,

இன்று காலை அச்சகத்திலிருந்து உங்கள் நினைவு மலரின் மாதிரிப் பிரதி வந்தது. மை வாடை இன்னும் போகவில்லை. குசினி மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டையில் நீங்கள் வாய் நிறையச் சிரிக்கிறீர்கள். உங்கள் இடது தோளில் தடித்த வெள்ளை விரல்கள் நான்கு. பக்கத்தில் நின்ற ஆளை வெட்டி எடுத்தவர்களுக்கு அவருடைய விரல்களை எடுக்கத் தெரியவில்லை. மேலே ஒரு ரோசாப்பூவை வைத்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். பூ இரண்டு விரலுக்குத்தான் காணும். மற்ற இரண்டும் எட்டிப் பார்க்கின்றன.

வருகிற ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள். வால்தம்ஸ்டோவில் திருப்பலி, பிறகு மண்டபத்தில் சாப்பாடு, வாசலில் ஆளுக்கொரு மலர். அதில் எனக்கு ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் அன்ரன் நேற்று அதற்காகத்தான் போன் எடுத்தான்.

"மாமி, நாளைக்குள்ளை எழுதித் தாங்கோ. ஆனா ஒண்டு, அந்த ரெஸ்லிங் கதை மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"சேர்ச் ஆக்கள் எல்லாரும் வாசிக்கப் போகினம். அம்மாவைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதுங்கோவன்."

நல்லதாக நாலு வரி மற்றவர்கள் ஏற்கனவே எழுதிவிட்டார்கள், மச்சாள். பொறுமையின் சிகரமாம் நீங்கள். அடக்கத்தின் உருவமாம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாதவராம். வேறு யாருடைய மலரோ மாறி வந்துவிட்டதென்று நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதையே அவனிடம் கொடுப்பேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விடட்டும்.

உங்கள் தம்பியைக் கட்டி நான் லண்டனுக்கு வந்தபோது முதலில் உங்கள் பிளாற்றில்தானே இருந்தோம். நாத்தனார் வீட்டில் எப்படி நடக்க வேண்டும் என்று அம்மா பாடம் பாடமாகச் சொல்லி அனுப்பியிருந்தா. அதில் ஒரு பாடமும் உதவவில்லை. சில வருஷங்களில் சற்றலைற் ரீவியில் பழைய பிரித்தானிய மல்யுத்தம் போடத் தொடங்கினார்கள். நாங்கள் தனி வீட்டுக்குப் போன பிறகும் சனிக்கிழமை பின்னேரம் என்றால் நீங்கள் எனக்குப் போன் எடுப்பீர்கள். "தேத்தண்ணி போட்டிட்டன். வாரும், துவங்கப் போகுது."

நீங்கள் புதிதாக வந்த காலத்தில், புருஷன் வேலைக்குப் போனால் பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல் இருந்தபோது, கீழ் வீட்டு வெள்ளைக்கார அம்மா உங்களைக் கூப்பிட்டு வைத்துக் காட்டிய ஆட்டமாம் அது. பிறகு ரீவியில் நிறுத்திவிட்டார்களாம். பல வருஷம் கழித்து அதே ஆட்கள், அதே அரைக் காற்சட்டை, அதே மங்கல் நிறத்தில் திரும்பி வந்தபோது உங்களுக்கு வந்த சந்தோசம்! அன்ரன் பிறந்த அன்றைக்குக்கூட அவ்வளவு சிரித்திருக்கமாட்டீர்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அன்ரன் பார்க்கிற அமெரிக்க மல்யுத்தத்தில் வெடி, புகை, வெளிச்சம் எல்லாம் இருந்தது. இதில் தொப்பை வைத்த இரண்டு பேர், பாங்கில் வேலை செய்கிறவர்களைப் போல, கை குலுக்கிவிட்டுத் தொடங்கினார்கள். ஒருவன் மற்றவனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். நான் கொட்டாவி விட்டேன்.

"அடிக்கிறதைப் பாக்காதையும்," என்றீர்கள். "கழட்டுறதைப் பாரும்."

பார்த்தேன். கை முறுக்கப்பட்டவன் அவசரப்படவில்லை. குனிந்தான், ஒரு குட்டிக்கரணம் போட்டான், மல்லாந்து கிடந்தபடி காலால் எதையோ தட்டினான், எழும்பும்போது மற்றவனின் கை இவனிடம் இருந்தது. கூட்டம் கை தட்டியது. பிடிபட்ட மற்றவனும் தலையாட்டி, நல்லாயிருக்கு என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான். அந்தத் தலையாட்டல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏமாந்தவனே எதிராளியின் கெட்டித்தனத்தை மெச்சுகிற சண்டையை நான் அதுவரை கண்டதில்லை.

இருந்தாலும் ஒருநாள் கேட்டுவிட்டேன். "இது நடிப்பல்லோ மச்சாள்?"

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தீர்கள். "பெரிய வெள்ளிக்கு முதல் பாஸ் நாடகம் காட்டேக்கை யேசுவை உண்மையிலையோ ஆணி அடிக்கிறவை?"

"இல்லை."

"பிறகேன் நீர் ஒவ்வொரு வருஷமும் மூக்கைச் சீறிச் சீறி அழுகிறனீர்?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டவர்களுக்கு அதே பதிலைத்தான் கொடுத்தேன்.

பிறகு ரீவி போதாதென்று மல்யுத்தம் நடக்கிற ஒரு மண்டபத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். இன்னும் அந்தப் பழைய முறையிலேயே ஆடுகிற ஒரு கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் அங்கே வரும். தைல வாடை, மடிக்கிற கதிரைகள், கறுப்புக் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் வெள்ளைக்காரக் கிழவிகள். முதல் சுற்றுக்கு மணி அடித்ததும், கோயில் பழக்கத்தில், நான் எழும்பி நின்று சிலுவை போட்டுவிட்டேன். பக்கத்துக் கிழவி என்னைப் பார்த்துவிட்டுத் தானும் போட்டா. நீங்கள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து உங்கள் தம்பிக்கும் சொன்னீர்கள். அவர் ஒரு மாதம் மைக்ரோவேவ் மணி அடிக்கும்போதெல்லாம் என்னை எழும்பச் சொன்னார்.

அங்கேதான் அந்தக் கெட்டவன் இருந்தான். ஐம்பது தாண்டிய ஆள், வழுக்கை, பெரிய வயிறு. அவனுடைய வேலையே விதியை மீறுவதுதான். இந்த ஆட்டத்தில் விழுந்தவனை அடிக்கக் கூடாது. நடுவர் எண்ணி முடியுமட்டும், விழுந்தவன் எழும்பி நிற்க விட வேண்டும். அவன் விடமாட்டான். விழுந்தவனை உதைத்துவிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லையே என்று நடுவரிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். அப்போது நீங்கள் கதிரையை விட்டு எழும்புவீர்கள். அதிர்ந்து பேசியறியாத நீங்கள்!

"டேய் மூதேவி! விழுந்தவனை ஏன்டா உதைக்கிறாய்? றெபரி, உனக்குக் கண் இல்லையோ?"

முழு மண்டபத்திலும் தமிழில் ஒரே ஒரு குரல். நான் கதிரைக்குள் புதைந்தேன். நாங்கள் பஸ்ஸில்கூடத் தமிழைக் குசுகுசுத்துப் பேசுகிறவர்கள் அல்லவா? அவனோ கயிற்றடிக்கு வந்து உங்களைப் பார்த்துப் பல்லை நெரிப்பான். நீங்கள் இன்னும் சத்தமாகத் தொடங்குவீர்கள். மூன்று வருஷம் இப்படியே போனது. அதில் முதல் வருஷமே, நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, நானும் எழும்பினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஒருநாள் உங்களுக்குத் தடிமன், தொண்டை அடைத்துவிட்டது. அவன் வழக்கம்போல் விழுந்தவனை உதைத்தான். கையை விரித்தான். நம் பக்கம் பார்த்தான். சத்தம் இல்லை. மறுபடியும் ஒரு சின்ன உதை கொடுத்துவிட்டுப் பார்த்தான். நீங்கள் தொண்டையைத் தொட்டுக் காட்டினீர்கள். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு நேரே கயிற்றடிக்கு வந்து, தன் நெஞ்சிலே விரலை வைத்து, மெதுவாகக் கேட்டான்:

"மூதேவி?"

இடைவேளையில் அவனே உங்களைத் தேடி வந்து தொண்டைக்குச் சூப்புகிற குளிசை தந்தான். பகலில் தண்ணீர்க் குழாய் திருத்துகிற வேலையாம். நீங்கள் சத்தம் போடாவிட்டால் தனக்கு ஆட்டம் ஓடாது என்றான். அப்போது எடுத்ததுதான் அந்த அட்டைப் படம். நீங்கள் சிரிக்கிற வேறு படம் வீட்டில் ஒன்றும் இல்லாதபடியால்தான் உங்கள் மகன் இதை எடுத்திருக்கிறான். சிரிப்பு வேண்டும், சிரிக்க வைத்தவன் வேண்டாம். இது என்ன நியாயம்?

சனத்தின் கதை எனக்குத் தெரியாததல்ல. புருஷன் செத்தவ தொடை தெரிய நிற்கிற ஆம்பிளைகளைப் பார்க்கப் போகிறா என்று கோயில் வாசலில் ஒரு அக்கா சொன்னா. "மூண்டு ஆம்பிளையளின்ரை உடுப்புத் தோய்ச்ச ஆள் நான், அக்கா. தொடை எனக்குப் புதினமில்லை," என்று நீங்கள் சிரித்தபடி சொல்லிவிட்டு நடந்தீர்கள். அந்த அக்கா மலரில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறா. பொறுமையின் சிகரம் அவவுடையது.

ஆனால் அன்ரனுக்கு உறுத்துவது தொடை அல்ல, இந்த வருஷத் தொடக்கம். வன்னியில் சனம் குண்டுக்குள் கிடந்த மாதங்கள். எல்லா வீட்டிலும் காலையிலிருந்து இரவு வரை செய்திதான். நீங்களும் ஊர்வலத்துக்குப் போனீர்கள், குளிரில் நின்றீர்கள், மெழுகுதிரி கொளுத்தினீர்கள். உங்கள் சித்தி குடும்பம் உள்ளே இருந்தது. அப்போதும் சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் அந்தப் பழைய ஆட்டத்தைப் போட்டீர்கள். வீட்டுக்கு வந்த யாரோ பார்த்துவிட்டார்கள். அங்கே சனம் சாகுது, இவ ரெஸ்லிங் பார்க்கிறா என்று லண்டனின் மறு கோடி ஈலிங் வரைக்கும் கதை போனது. அன்ரன் வந்து உங்களோடு கத்தினான். நானும் அங்கே இருந்தேன்.  அவன் போன பிறகு எனக்கு மட்டும் சொன்னீர்கள்.

"நாள் முழுக்க அழுதிட்டுத்தான் இந்த அரை மணித்தியாலம் பாக்கிறன். இஞ்சை விழுந்தவனை எழும்ப விடுகினம். வலிக்குது எண்டு கையைத் தட்டினா விட்டிடுகினம். மணி அடிச்சா மூலைக்குப் போகினம். உலகத்திலை எங்கையாவது அப்பிடி நடக்கிறதை நான் கண்ணாலை பாக்க வேணும்."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரையில் யாரோ ஒருவன் எதிராளிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

மலரின் மூன்றாம் பக்கத்தில், கொடிய நோயோடு மல்லுக்கட்டி வீழ்ந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டேன். அது என்ன மல்லுக்கட்டு? நடுவர் இல்லை, சுற்று இல்லை, நீங்கள் விழுந்து கிடந்தபோதுதான் அது இன்னும் பலமாக உதைத்தது. ஆசுப்பத்திரியில் நீங்களே சொன்னீர்கள், இதுக்கு ஒரு மரியாதையும் தெரியாது என்று. எனக்கும் இன்னும் அதன்மேல் ஆத்திரம் ஆறவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஆறப் போடாமல், அன்ரனைப் போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.  முடிந்ததும், "சனம் சிரிக்கும், மாமி," என்றான்.

"சிரிக்கட்டும். எனக்கு ஒரு பக்கம் தந்தனி. அந்தப் பக்கத்திலை உன்ரை அம்மா சத்தம் போடுவா. ஏலாதெண்டால் என்ரை பேரை எடுத்துவிடு."

  பிறகு வேறொரு குரலில், சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னான்: "என்னையும் எத்தினையோ தரம் வாவெண்டு கூப்பிட்டவ, மாமி. வெக்கத்திலை நான் ஒருநாளும் போகேல்லை."

கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, மச்சாள். ஆனாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லாமல் இல்லையே. அடுத்த மாதம் ஆட்டம் இருக்கிறது, வா என்றேன். பார்ப்பம் என்றான். பக்கத்தை அப்படியே போடச் சொல்லி அச்சகத்துக்குச் சொல்லுறன் என்றும் சொன்னான்.

அவன் வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன். நீங்கள் இல்லாத முன்வரிசையைப் பார்த்து அந்த மனிதன் கயிற்றடியில் தடுமாறி நிற்பான். அதற்கு நான் விடமாட்டேன். இந்த ஊரில் இவ்வளவு காலமாக நான் விழுங்கி வைத்த சத்தத்தை வெளியே எடுத்துத் தந்தவர் நீங்கள். அது இப்போது என்னிடம் இருக்கிறது, நல்ல பலமாக இருக்கிறது. அவனைத் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது, மச்சாள்.