எட்டு மார்க்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
18 ஜனவரி 2025

அன்புள்ள சுப்ரி,

நலம்தானே? நீ கொடுத்தனுப்பிய அவரேக்காய் உப்புமாவை அம்மா இரண்டு வேளையும் விரும்பிச் சாப்பிட்டார். போன கடிதத்தில் ‘கருத்து’ என்பதைக் ‘கறுத்து’ என்று எழுதியிருந்தாய். எம்.ஏ. படிக்கும்போது உனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் ஒரு மார்க் குறைக்கிறேன். மாதம் ஒரு கடிதம் என்று இருபத்திரண்டு வருஷமாக விடாமல் எழுதுகிறாயே, அதற்காக அதைத் திருப்பியும் தந்துவிடுகிறேன்.

வேலை விஷயம் ஒன்று. மூன்றாம் செமஸ்டர் பிரெஞ்சுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நான்காம் கேள்வி, வினைச்சொற்களை இலக்கிய இறந்தகாலத்தில் எழுதுவது. நீ தயாரித்த விடைக்குறிப்பில் முதல் இரண்டு வகை வினைகள் சரி. மூன்றாம் வகையில் விற்பது, காத்திருப்பது, இழப்பது, பதில் சொல்வது, இந்த நான்குக்கும் முடிவில் ‘இ’ வர வேண்டிய இடத்தில் ‘யூ’ என்று போட்டிருக்கிறாய். பேச்சில் வரும் இறந்தகாலத்தின் ஞாபகத்தில் கை அப்படிப் போயிருக்கும்.

‘அவன் விற்றான்’ என்பதற்கு ‘வாந்தி’ என்றுதானே வரும்? அதை நான் கரும்பலகையில் எழுதி வாசித்த அன்று வகுப்பிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதனாலேயே அவர்களுக்கு மறக்கவில்லை. பதினெட்டுப் பேரில் ஏழு பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள். உன் குறிப்பின்படி திருத்தினால் அந்த ஏழு பேருக்கும் எட்டு மார்க் போய்விடும்.

வைஸ் பிரின்சிபல் இன்டர்வியூ அலைச்சலில் இருப்பாய் என்றுதான் போன் செய்யவில்லை. மாத முடிவுக்குள் குறிப்பை மாற்றிக் கொடுத்தால் போதும்.

என்றும் உன்
தாரணி


மல்லேஸ்வரம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரணி,

உன் கடிதத்துக்குப் போனில் பதில் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதினால் நீண்டுவிடும் என்று தோன்றியது. போனில் சொன்னபடி என் குறிப்பையே வைத்துத் திருத்தித் தாள்களைக் கொடுத்துவிட்டாய் என்று ஆபீஸில் சொன்னார்கள். பெரிய உதவி. குறிப்பை மாற்றுவதென்றால் தேர்வுப் பிரிவுக்கு விளக்கம் எழுத வேண்டும், அதன் நகல் பிரின்சிபலுக்குப் போகும், அதுவும் சரியாக இன்டர்வியூ வாரத்தில். பிள்ளைகள் யாராவது மறுமதிப்பீடு கேட்டால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

இன்டர்வியூ நன்றாகவே போயிற்று. ஜூனில் வைஸ் பிரின்சிபல் ஆகிவிடுவேன் போலிருக்கிறது. அடுத்த வருஷத்துக்கான உன் கெஸ்ட் லெக்சரர் ஆர்டரிலும் துறைத் தலைவராக வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்பா முந்தாநாள் என்னைப் பார்த்து, “நீங்க யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார். விதான சௌதா வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து முப்பது வருஷம் வந்தவர்களிடமெல்லாம் அவர் கேட்ட கேள்வி. சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அன்புடன்
சுப்ரி


ஸ்ரீராம்புரம்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள சுப்ரி,

அப்பா எப்படி இருக்கிறார்? தனியாகச் சமாளிக்காதே, பகலுக்காவது ஓர் ஆளை வைத்துக்கொள்.

ஷ்ரேயாவை உனக்குத் தெரியும். பீன்யாவில் லேத் ஓட்டும் பழனிச்சாமியின் மகள், முதல் வரிசையில் உட்காருபவள். பிரான்ஸில் ஒரு செமஸ்டர் படிக்க நம் கல்லூரிக்குக் கிடைத்த ஒரே இடத்துக்கு அவள் முயன்றுகொண்டிருந்தாள். எழுபத்தைந்து மார்க் வேண்டும். அறுபத்தொன்பது வந்திருக்கிறது. இடம் போன மாதக் கடைசியில் வேறொருவருக்குப் போய்விட்டது.

தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அதனால் திருத்தும்போது யார் என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அவள் விடைத்தாளின் நகலை வாங்கி, பாடப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பிரின்சிபலைப் பார்த்துப் புகார் கொடுத்திருக்கிறாள். நேற்று வராந்தாவில் என்னை நிறுத்தி எங்கே தப்பு என்று காட்டச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

வாய்திறந்து யாருமே பேசாத, புத்தகத்தில் மட்டும் இருக்கிற ஒரு இறந்தகாலம். அதற்காக அந்தப் பெண்ணின் வாய்ப்பு போயிருக்கிறது. விடைக்குறிப்பில் தவறு என்று நீ ஒரு வரி எழுதிக்கொடு சுப்ரி. தெரிந்தே அதன்படி திருத்தினேன் என்று நானும் எழுதிக்கொடுக்கிறேன். இப்போதே கேட்டால் அடுத்த வருஷத்து இடத்தையாவது அவளுக்கு வாங்கித் தரலாம்.

தாரணி


மல்லேஸ்வரம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள தாரணி,

மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டிருக்கிறார்கள். டெஸ்மண்ட் சார் தலைவர். போன் பேச வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம், கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாம். கல்லூரியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் இருவரைத் தவிர யாருமில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஃபைலில் இருந்த குறிப்பை எடுத்துவிட்டுச் சரியான குறிப்பை வைத்துவிட்டேன். ஜனவரி தேதியே போட்டிருக்கிறேன். நீ ‘குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டேன்’ என்று சொன்னால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். உனக்கு அதனால் பெரிதாக ஒன்றும் போகாது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதானே? எனக்கு அப்படியில்லை. பதவி, பென்ஷன், அப்பாவின் வைத்தியம் எல்லாம் இதில் தொங்குகிறது.

இருபத்திரண்டு வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன்
சுப்ரி


ஸ்ரீராம்புரம்
9 மே 2025

சுப்ரியா,

நேற்று நீ எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

டெஸ்மண்ட் சார் புதுக் குறிப்பை என் பக்கம் நகர்த்தி, இதை வைத்துத்தான் திருத்தினீர்களா என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. பையின் ஜிப்பைப் பாதிவரை திறந்தேன். அப்பா உன்னை யாரென்று கேட்டதாக நீ எழுதியது அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வந்ததோ தெரியவில்லை. மூடிவிட்டேன். தவறாகப் படித்துவிட்டேன் என்று சொன்னேன், கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகாவது நீ பேசாமல் இருந்திருக்கலாம். “தாரணிக்கு ஆரம்பத்திலிருந்தே கிராமர் கொஞ்சம் வீக்தான் சார், நான்தான் பாத்துக்கிட்டு வந்தேன்” என்றாய். நான் சரியாகப் படித்ததையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. இன்று காலையே ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். பதினோரு வருஷம் வேலை செய்த இடத்தில் என் அடையாள அட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாரணி


மல்லேஸ்வரம்
30 மே 2025

அன்புள்ள தாரணி,

உன் கோபம் நியாயம். நிர்வாகம் இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. அன்று அப்படிச் சொன்னால்தான் வேண்டுமென்றே செய்தாய் என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள் என்று பட்டது. உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

ஷ்ரேயாவுக்கு எட்டு மார்க்கும் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஆறு பேருக்கும்தான். ஆக, பிள்ளைகள் யாருக்கும் நஷ்டமில்லை.

என் அத்தை மகன் பரத் குடும்பத்தோடு கனடா போகிறான், வீட்டுக்கே வந்து பிரெஞ்சு சொல்லித்தர ஆள் தேடுகிறான். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை நான் வைஸ் பிரின்சிபலாகப் பொறுப்பேற்கிறேன். நீ வந்தால் மனசு நிறையும்.

மாதக் கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் சுப்ரி


ஸ்ரீராம்புரம்
15 ஜூன் 2025

சுப்ரியா,

டியூஷன் வேண்டாம். ஒரு கம்பெனியில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்துவிட்டேன். அங்கே இலக்கணம் யாரும் கேட்பதில்லை. குரல் இனிமையாக இருந்தால் போதும்.

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகுதான் பீன்யாவுக்குப் போனேன். பழனிச்சாமி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததையும் நான் செய்ததையும்.

ஷ்ரேயா முழுவதும் கேட்டாள். பிறகு, “திருத்தும்போதே தெரியுமா மேடம், நான் எழுதுனது கரெக்ட்னு?” என்றாள்.

தெரியும் என்றேன்.

“அப்புறம் ஏன் தப்புன்னு அடிச்சீங்க?”

“வேலை போயிடும்னு பயந்தேன்” என்றேன்.

அவள் அப்பா நான் கீழே வைத்த காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: “எங்களுக்கு பிரெஞ்சு தெரியாது மேடம். இவ அழுதப்ப, டீச்சர் போட்டா சரியாத்தான் போட்டிருப்பாங்கன்னு நான்தான் இவளைத் திட்டுனேன்.”

உன் ஏப்ரல் கடிதத்தை ஷ்ரேயாவிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இரண்டு முறை படித்தாள்.

“இதை நான் வெச்சுக்கலாமா?”

“உனக்குத்தான் கொண்டாந்தேன்” என்றேன். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வேண்டுமென்றால் நானே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் அதை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்கும் உரிமை உனக்கும் எனக்கும் இல்லை.

இனி எழுதாதே. எழுதினாலும் நான் பிரிக்க மாட்டேன்.

அந்தப் பெண் என்னோடு வாசல்வரை வந்தாள். ‘போயிட்டு வாங்க’ என்று சொல்வாள் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றேன். “போங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தாரணி